வி.ஜி. பிளஸ் ஆசாமி

ஞாயிற்றுக்கிழமை காலை புனே ஜூனா பஜாருக்குப் போனால், துருப்பிடித்த ஸ்பானர், ஒற்றைக்கால் போன ஸ்டூல், யார் வீட்டுப் பரணிலிருந்தோ இறங்கிய பித்தளைச் சாமான் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு ஆசாமி தரையில் குந்தியிருப்பார். வயது முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில். ஹிஞ்சவடியில் சாப்ட்வேர் வேலை, பாணேரில் இ.எம்.ஐ. ஃப்ளாட், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கறுப்பு டி-ஷர்ட்டில் எழுதியிருப்பதை யாராலும் படிக்க முடியாது. படிக்க முடிந்திருந்தால் அதை அவர் வாங்கியிருக்கவே மாட்டார். பழைய எல்பி ஒன்றைச் சாய்த்துப் பிடித்து, பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் இருக்கும் வழவழப்பான வளையத்தில் செல்போன் டார்ச் அடித்து, அதில் கீறியிருக்கும் எண்ணைப் படித்துக்கொண்டிருப்பார். கடைக்காரர், "சாஹேப், ரஃபி இருக்கு, லதா இருக்கு" என்பார். நம்மாள் பதிலே சொல்ல மாட்டார்.

அவர் தேடுவது வேறு. 1976, 77 வாக்கில் லண்டனிலும் நியூயார்க்கிலும் சில இளைஞர்கள், வாத்தியம் வாசிக்கத் தெரியாதது ஒரு குறையே அல்ல என்று முடிவுகட்டி, கையில் கிட்டாரைத் தூக்கினார்கள். அதற்குப் பெயர் பங்க். அதைவிட ஒரு படி மேலே போய், கிட்டாரும் எதற்கு என்று கேட்டவர்கள் இரும்புத் தகடு, துளைபோடும் மிஷின், ரேடியோ இரைச்சல் என்று இறங்கினார்கள். அதற்குப் பெயர் பரிசோதனை இசை. இரண்டிலும், ஐந்நூறு பிரதிக்கு மேல் அச்சாகாத தட்டுகள்தான் நம்மாளுக்கு வேண்டும். ஐந்நூற்றொன்றாவது பிரதி இருப்பதாகத் தெரிந்தால் அவருக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும்.

ரஃபிக்கும் லதாவுக்கும் அடியில் இதெல்லாம் எப்படி வந்து சேரும் என்று கேட்டால், ஒரு தியரி வைத்திருக்கிறார். 1974இல் கோரேகாவ் பார்க்கில் ரஜனீஷ் ஆசிரமம் வந்தது. எழுபதுகளின் கடைசியில் ஜெர்மன்காரர்கள் காவி கட்டிக்கொண்டு அங்கே குவிந்தார்கள். அவர்களில் ஒருவராவது பெட்டியில் நல்ல தட்டுகளோடு வந்திருப்பார். ஞானம் கிடைத்ததும் பெட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்திருப்பார். வாட்ச்மேன் அதைப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளியிருப்பார். சங்கிலியில் ஒரு கண்ணிகூடப் பலவீனமாக அவருக்குத் தோன்றியதில்லை. ஃபவுஸ்ட் என்ற ஜெர்மன் கோஷ்டியின் முதல் எல்பி 1971இல் ஒளிபுகும் தட்டாக, ஒளிபுகும் உறையில், ஒரு முஷ்டியின் எக்ஸ்ரே படத்தோடு வந்தது. ஒரு ஞாயிறு, குவியலில் கை எலும்பு தெரியும் ஒரு பிளாஸ்டிக் தாளைப் பார்த்து நம்மாள் பாய்ந்தே விட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், நிஜமாகவே எக்ஸ்ரே. வண்டியிலிருந்து விழுந்த யாரோ ஒருவரின் மணிக்கட்டு. பத்து ரூபாய் கொடுத்து அதையும் வாங்கிக்கொண்டார், எதற்கும் இருக்கட்டும் என்று.

பழைய தட்டு வாங்குபவர்கள் தட்டின் நிலைக்கு மார்க் போடுவார்கள்: மின்ட், நியர் மின்ட், வி.ஜி. பிளஸ் என்று இறங்கிக்கொண்டே போகும். இந்தப் பழக்கம் நம்மாளுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. செகண்ட் ஹேண்ட் ஆக்டிவா வி.ஜி. பிளஸ். மாமனார் நியர் மின்ட், முதுகில் மட்டும் லேசான தேய்மானம். பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன மார்க் போட்டார் என்பதை அவர் மனைவி எதிரில் இன்றுவரை சொன்னதில்லை. அந்த அளவுக்கு விவரம் உண்டு.

வீட்டு அலமாரியில் ஒரு பலகை தொங்குகிறது. புனேக்காரர்கள் வாசலில் குத்தலாக அறிவிப்பு எழுதி வைப்பதில் பெயர் பெற்றவர்கள். புனேரி பாட்டி என்று மகாராஷ்டிரம் முழுக்க அதற்குப் புகழ். நம்மாள் இந்த ஊருக்கு வந்து கற்றுக்கொண்ட ஒரே மராத்திக் கலை அதுதான். "விரல் ரேகை பதிக்க விரும்புகிறவர்கள் ஆதார் மையத்துக்குச் செல்லவும்" என்று எழுதியிருக்கிறார்.

விருந்தாளி வந்தால் தப்ப முடியாது. கிராஸ் என்றொரு ஆங்கிலேய பங்க் கோஷ்டி 1978இல் தன் முதல் தட்டைப் பதிவு செய்தது. முதல் உருப்படியின் வரிகளைக் கண்டு, தட்டு அச்சிடும் அயர்லாந்து ஆலையின் தொழிலாளர்கள், இதை நாங்கள் தொட மாட்டோம் என்றுவிட்டார்கள். கோஷ்டி அந்த இடத்தில் இரண்டு நிமிடம் வெறும் மௌனத்தை வைத்து, பேச்சுச் சுதந்திரத்தின் ஓசை என்று அதற்குத் தலைப்பும் கொடுத்தது. பிற்பாடு வந்த பதிப்புகளில் பாட்டு திரும்பிவிட்டது. ஆகவே மௌனம் உள்ள முதல் அச்சுக்குத்தான் மவுசு. நம்மாளிடம் அது இருக்கிறது. இரண்டு கையாலும் எடுத்து, பிரஷ்ஷால் தூசி தட்டி, முள்ளை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். லேசாகக் கரகரவென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். விருந்தாளிகளும் எதற்கும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா மட்டும் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏல, கரண்டு போயிட்டா?" என்றார்.

அதே கோஷ்டி தன் தட்டுகளின் உறையில் 'இந்த விலைக்கு மேல் கொடுக்காதே' என்று பென்னிக் கணக்கில் அச்சடிப்பதை வழக்கமாக வைத்திருந்தது. ஏழைப் பையன்களைக் கடைக்காரர்கள் ஏமாற்றக்கூடாது என்ற நல்ல எண்ணம். அந்த வாசகம் அழியாமல் இருக்கிறது என்பதற்காகவே நம்மாள் ஒரு சின்னத் தட்டுக்குப் பதினோராயிரம் ரூபாய் கொடுத்தார். கஸ்டம்ஸ் தனி.

சத்தம் என்றால் உயிரை விடுபவர் என்று இதையெல்லாம் வைத்து நினைத்துவிடக் கூடாது. ஜப்பானில் ஹனதராஷ் என்ற கோஷ்டி 1985இல் டோக்கியோ அரங்கு ஒன்றில் மண்வாரி இயந்திரத்தையே மேடைக்கு ஓட்டிக்கொண்டு வந்தது. நம் பாஷையில் ஜேசிபி. இருபதாம் நூற்றாண்டின் மகத்தான கச்சேரி அதுதான் என்று நம்மாள் எந்த மேடையிலும் வாதிடுவார். பாணேர் ரோட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு நிஜ ஜேசிபி வந்து பள்ளம் தோண்டியபோது, சொசைட்டி செக்ரட்டரிக்கு முதல் புகார் எழுதியவரும் அவர்தான். "நிம்மதியாக ஒரு தட்டுக் கேட்க முடியவில்லை" என்பது புகாரின் முதல் வரி. விநாயகர் விசர்ஜனத்துக்கு லட்சுமி ரோட்டில் நூற்றுக்கணக்கான டோல்-தாஷாக்கள் ஒன்றாக அதிரும்போது, அந்த ஜப்பான்காரன் எவனாவது கேட்டால் அங்கேயே சரணடைந்துவிடுவான். நம்மாள் அதற்கு முந்தைய நாளே ஹெட்போனோடு லோணாவளாவுக்குப் போய்விடுகிறார்.

உள்ளூர்க் கோஷ்டிகளிடமும் இதே கதை. மும்பையின் தி ரயட் பெட்லர்ஸ் மாதிரி இந்த நாட்டு அரசியலைக் கிழித்துப் பாடும் பங்க் கோஷ்டிகள் பக்கத்திலேயே உண்டு. அவர்கள் புனேக்கே வந்து பாடினாலும், முந்நூறு ரூபாய் டிக்கெட், பத்து நிமிட ஆட்டோ என்றால் அவருக்கு முதுகு வலிக்கும். புனேயில் 2010இல் என்.எச்.7 வீக்கெண்டர் தொடங்கியபோது போனாராம். "அப்பவே கெட்டுப்போச்சு" என்பார்.

ஜூனா பஜாரில் அவருக்கு ஒரு போட்டியாளர் உண்டு. சதாசிவ் பேட் காகா, எழுபது தாண்டியவர். அரக்கில் செய்த பழைய 78 சுற்றுத் தட்டுகள் மட்டுமே வாங்குவார். பால கந்தர்வரின் நாட்டிய சங்கீதம், பக்கத்துக்கு மூன்று நிமிடம், முடிந்தது சங்கதி. எல்பி வந்த அன்றைக்கே சங்கீதம் செத்துவிட்டது என்பது காகாவின் கட்சி. இருவரும் ஒருவரை ஒருவர் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். இரண்டு மதிப்பீட்டிலும் எனக்கு மறுப்பில்லை. ஒருநாள் காகா ஓர் அப்துல் கரீம் கான் தட்டைக் காட்டி, "நீங்கள் மதராஸ்காரர்தானே, சிங்கப்பெருமாள் கோவில் தெரியுமா?" என்று ஹிந்தியில் கேட்டார். நம்மாள் விழித்தார். புனேயில் 1913இல் சங்கீதப் பள்ளி தொடங்கிய கான் சாஹேப், 1937இல் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில் உடம்பு முடியாமல் இறங்கி உயிரை விட்டது அந்த ஸ்டேஷனில்தான். நெல்லை எக்ஸ்பிரஸில் வருஷத்துக்கு இரண்டு தடவை அதைக் கடக்கிற மனுஷனுக்கு இது தெரியவில்லை. ஒசாகாவில் எந்தக் கடை எந்தச் சந்தில் என்று தெரியும்.

இவ்வளவு சொன்னாலும், இந்த ஜாதி இல்லாவிட்டால் சில விஷயங்கள் மண்ணோடு போயிருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை ரோலண்ட் சின்தசைசரில் டிஸ்கோ தாளத்தோடு வாசித்தார். எச்.எம்.வி. வெளியிட்டது, சீந்துவாரில்லை. இருபது வருஷம் கழித்து எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லிக் கடையொன்றில் அந்தத் தட்டைப் பார்த்து, 2010இல் மறுபடி அச்சிட்டார். அமெரிக்கர்கள் ஆசிட் ஹவுஸ் என்று பின்னால் செய்ததை இந்த மனுஷன் முன்னாலேயே செய்துவிட்டாரே என்று உலகம் வாய் பிளந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969 முதல் 72 வரை மூக் சின்தசைசர் வைத்து நம்மவர்கள் பதிவு செய்த நாடாக்களும் அப்படித்தான். பால் பர்காஸ் என்பவர் தேடி எடுத்தார், 2023இல் தட்டாக வந்தன. இரண்டும் நம்மாளிடம் உண்டு. இரண்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவை.

போன மாதம் அதே வழியில் இன்னொன்றும் வந்தது. மான்செஸ்டரின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 2011இல் வெளியிட்ட தொகுப்பு. 1977 முதல் 83 வரையிலான தமிழ் சினிமாவின் மின்னணு இசை என்று அட்டையில் விளக்கம். நாலாயிரத்துச் சொச்சம். முள்ளை இறக்கியதும் அடுக்களையிலிருந்து அம்மா கூடவே பாட ஆரம்பித்துவிட்டார்.

"ஏல, இது நம்ம இளையராஜால்லா? இதுக்காக்கும் சீமையிலிருந்து பார்சலு? ஊருல பரண் மேல ஒரு பெட்டி கேசட்டு கெடக்கே."

"எக்கோ கம்பெனி ஒரிஜினலா?" என்றார் நம்மாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"என்ன கம்பெனியோ. ஒங்கப்பா ரேடியோ முன்னால டேப்பை வச்சுப் பிடிச்சது. நடுநடுவுல ஆடு கத்தும். நீ தொட்டில்ல கெடந்து அழுவுத சத்தமும் இருக்கும்."

நம்மாள் எழுந்து போய் ஆம்ப்ளிஃபையரை அணைத்தார்.

"யம்மா, அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது, சித்திக்கு இப்பவே போன் போடு. வெயில்ல வைக்கச் சொல்லாத, துணியால தொடைக்கச் சொல்லாத. ரெண்டு பக்கமும் கெட்டி அட்டை வச்சுக் கட்டி... வேண்டாம், நானே ரயிலேறிப் போறேன். உலகத்துலயே ஒரு காப்பிதான் இருக்குங்கறது வெளிய தெரியவேண்டாம்."