எங்கே சாப்பிடலாம், சித்தப்பா?

லிஸ்பனில் ‘பைரு ஆல்ட்டு கெட்டுப்போச்சு’ என்று சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. 1998-ல் நான் அந்த மேட்டுப் பேட்டையில் அறை எடுத்துத் தங்கியபோதே அது கெட்டுப்போய்தான் இருந்தது. மானுவல் ரெய்ஷ் என்பவர் 1982-ல் அட்டலாயா தெருவில் ‘ஃப்ராஜில்’ என்றொரு பார் திறந்து, ஊரில் இருந்த கலைஞர்களையும் நடிகர்களையும் அந்த மேட்டுக்கு ஏற வைத்தார். அவரே 98-ல் ஆற்றோரமாக ‘லுக்ஸ்’ என்ற பெரிய கிளப்பை ஆரம்பித்ததும், ‘இனி இங்கே என்ன இருக்கு?’ என்று கையை விரித்தார்கள் என் வயசுக்காரர்கள். அவர்களுக்கு மூத்தவர்களைக் கேட்டால், ஃப்ராஜில் வந்த அன்றைக்கே எல்லாம் முடிந்துபோயிற்று என்பார்கள். அவர்கள் கணக்கில் நல்ல காலம் என்பது பத்திரிகைக் காலம். அங்கே ஒரு தெருவுக்கு ‘டியாரியு டி நொட்டீசியாஷ்’ நாளிதழின் பெயர், இன்னொன்றுக்கு ‘ஓ செக்குலு’ நாளிதழின் பெயர். நடுராத்திரி அச்சு ஓட்டிவிட்டு மை படிந்த கையோடு வந்தவர்களுக்கு சூப்பும் ரொட்டியும் போட்டுத்தான் அந்தப் பேட்டை கண் விழிக்கப் பழகியது. பாதிப் பழக்கம் அப்படி வந்தது. மீதிப் பாதி வந்த தொழிலைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

நான் தூத்துக்குடிக்காரன். முத்துக்குளித்துறை பற்றிய பழைய போர்ச்சுக்கீசியக் கடிதங்களைப் படிக்க டோரி டு டோம்பு ஆவணக் காப்பகத்துக்குப் போயிருந்தேன். தமிழை ரோமன் எழுத்தில் கோத்து 1554-லேயே புத்தகம் அச்சடித்த ஊர் அது. எங்கள் கடற்கரைக் காகிதங்கள் அங்கே கிடப்பதில் வியப்பில்லை. காப்பகம் ஊரின் மறுகோடியில் இருக்க, அறை பைரு ஆல்ட்டுவில் அமைந்ததற்குக் காரணம் வாடகை. வாடகை மலிவுக்குக் காரணம் சத்தம். பெர்னாண்டோ என்ற என் பெயரைக் கேட்டு அங்கே யாரும் ஆச்சரியப்படவில்லை. முகத்தைப் பார்த்த பிறகு ஆச்சரியப்பட்டார்கள். 1755 பூகம்பம் கீழே இருந்த நகரத்தைத் தரைமட்டமாக்கியபோது இந்த மேடு பெரிய சேதமில்லாமல் தப்பியது. அதனால் பதினாறாம் நூற்றாண்டில் வகிர்ந்த தெருக்கள் அதே அகலத்தில், அதாவது அகலமே இல்லாமல், இன்றும் இருக்கின்றன. பார்கள் அறை மாதிரிச் சின்னவை. ஆகவே குடிப்பவர்கள் தெருவில் நிற்பார்கள். எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே.

‘எங்கே சாப்பிடலாம்’ என்று அன்றைக்கு யாரும் யாரையும் கேட்கவில்லை. நாற்காலி எங்கே காலியோ அங்கே சாப்பிட்டோம். குடும்பமாக நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு தாஷ்கா என்று பெயர். கண்ணாடியில் ஒட்டிய ஒற்றைத் தாளில், முதலாளியைத் தவிர யாராலும் படிக்க முடியாத கையெழுத்தில் அன்றைய சாப்பாடு. உள்ளே டியூப் லைட், மூலையில் கால்பந்து ஓடும் டிவி, எல்லார் விரலிலும் சிகரெட். காய்கறி கேட்டால் வேகவைத்த கோஸ் வரும். இன்னும் காய்கறி வேண்டுமென்றால் இன்னும் கோஸ் வரும். கால்டு வெர்டி என்ற கீரை சூப்பை நம்பிக் குடிக்கப் போன சைவ நண்பர் ஒருவர், அடியிலிருந்து ஒரு வட்டம் பன்றித் தொத்திறைச்சி மிதந்து வந்ததைப் பார்த்து எழுந்து போனார். மறுபடி வரவே இல்லை. உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் கேட்காமலே மேஜைக்கு வரும். உபசரிப்பு என்று நினைத்து வெளியூர்க்காரன் தின்பான். பில்லில் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து உட்காரும்.

அந்த பில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேஜை விரிப்பு வெள்ளைக் காகிதம். சாப்பிட்டு முடித்ததும் முதலாளி வருவார். ஆலிவ் கொட்டைகளைப் புறங்கையால் ஒதுக்குவார். காதிலிருந்து பேனாவை எடுத்து, எண்ணெய்க் கறைக்கும் ஒயின் வட்டத்துக்கும் நடுவே சுத்தமான இடமாகப் பார்த்து எழுதுவார்: 850$00, 120$00, 90$00. எஸ்குடோவுக்கும் சில்லறைக்கும் நடுவே அந்தக் குறி போடுவது அவர்கள் வழக்கம். முதலில் பார்த்தபோது டாலர் என்று நினைத்து எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கூட்டி, அடியில் இரண்டு கோடு போட்டு, அந்த மூலையை மட்டும் சர்ரென்று கிழித்துக் கையில் கொடுப்பார். கூட்டலில் பிழை இருக்காது. இருந்தாலும் கேட்கும் துணிச்சல் எங்களில் எவனுக்கும் கிடையாது. இவ்வளவையும் அன்றைக்கு நாங்கள் குறையாகத்தான் பேசினோம். ஊருக்கு எழுதிய கடிதங்களில் ‘நாகரிகமாக ஒரு மெனு கார்டு கூட கிடையாது’ என்று புலம்பியிருக்கிறேன்.

இப்போது என் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து நவம்பரில் ஒரு தொழில்நுட்ப மாநாட்டுக்கு லிஸ்பன் வந்தான். நானும் பழைய காகிதங்களைச் சாக்காக வைத்துப் போயிருந்தேன். “நீங்க இருந்த ஏரியாதானே சித்தப்பா, எங்கே சாப்பிடலாம்?” என்று கேட்டான். கேட்டுவிட்டு, பதிலுக்குப் போனைப் பார்த்தான்.

“இதுல நாலு புள்ளி ஏழு ஸ்டார். ரெண்டாயிரம் பேரு போட்டுருக்கான்.”

“ஏல, அந்த ரெண்டாயிரம் பேரும் அங்க ஒரே ஒரு தடவை சாப்பிட்டவன்லா?”

தெருவுக்குள் நுழைந்தால் கடைக்கு ஓர் ஆள் லேமினேட் போட்ட மெனுவோடு வழிமறிக்கிறார். எங்களைப் பார்த்ததும் ‘நமஸ்தே’. மெனுவில் எல்லாப் பண்டத்துக்கும் போட்டோ உண்டு. ஒரே போட்டோதான் பக்கத்துக் கடையிலும். கொஞ்சம் விலை கூடிய கடைகளில் நிலைமை வேறு. அங்கே நாங்கள் புலம்பிய குறைகளையெல்லாம் தேடிப் பிடித்து அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். படிக்க முடியாத கையெழுத்தை அச்செழுத்தாகவே வடிவமைத்துக் கரும்பலகையில் போட்டிருக்கிறார்கள். உடைந்த ஓட்டுக் குடுவையில் கரண்டிகள். காகித விரிப்பும் உண்டு, அதில் 28-ஆம் நம்பர் டிராமின் படம் அச்சிட்டிருக்கிறது. பில் எழுத அல்ல, பில்லுக்கு கியூஆர் கோடு. முழுச் சாப்பாட்டில் பாதி அளவுக்கு முன்பு பாதிக் காசு வாங்கினார்கள். இப்போது அதே பாதியைக் குட்டித் தட்டில் வைத்துப் பகிர்ந்து உண்ணச் சொல்கிறார்கள், காசில் மட்டும் குறைவில்லை. திரும்பி வராதது சிகரெட் புகை ஒன்றுதான். 2008-ல் சட்டம் போட்டு விரட்டினார்கள். அதையும் யாராவது பாட்டிலில் அடைத்து விற்கும் வரை காத்திருக்க வேண்டும். கேட்காமல் வரும் ரொட்டி, ஆலிவுக்குக் காசு வாங்கக் கூடாது என்று 2015 முதல் சட்டத்திலேயே இருப்பதையும் தம்பி போனைப் பார்த்துச் சொன்னான். சொல்லிக்கொண்டே ஆலிவைத் தின்றுவிட்டான்.

அவன் கேட்டதற்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். லொரெட்டு தெருவில் ‘காசா ட இந்தியா’ என்று ஒரு கடை. நான் காப்பகத்தில் படித்த காசா ட இந்தியா வேறு. அது மிளகும் முத்தும் வந்து இறங்கிய அரசாங்க வணிக நிலையம், பூகம்பத்தில் போய்விட்டது. இந்தக் கடையில் இந்தியா பெயர்ப்பலகையோடு சரி, உள்ளே கரி அடுப்பில் வாட்டிய கோழியும் மீனும். நெருக்கியடித்து உட்கார வைப்பார்கள், போங்கள். அதே தெரு முனையில் ‘மன்டெய்காரியா’. சுடச்சுட முட்டைப்பால் டார்ட் வந்ததும் மணி அடிப்பார்கள். அது ஒன்றுக்கு மட்டும் எத்தனை ஸ்டார் போட்டாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். ‘டிரின்டாட்’ பழைய மடத்துக்குள் இருக்கும் பீர்க்கூடம். சுவரில் உள்ள ஓடுகளைப் பார்க்கப் போகலாம், சாப்பிட வேறிடம் உண்டு. ‘தாஷ்கா டு ஷிக்கு’வில் ஃபாடு பாட்டு. பாடும்போது வாய் திறக்கக் கூடாது, ஆகவே சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். 1981-ல் தொடங்கி அட்டலாயா தெருவுக்கே பெருமை சேர்த்த ‘பாப் அசோர்டா’, 2016-ல் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குக் கீழே ரிபெய்ரா சந்தையின் மாடிக்கு இறங்கிவிட்டது. அந்தச் சந்தையின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது: எங்கே சாப்பிடலாம் என்று எழுதிக்கொண்டிருந்த ‘டைம் அவுட்’ பத்திரிகை, 2014-ல் சந்தையின் ஒரு பகுதியை எடுத்துத் தானே சாப்பாட்டுக்கூடம் நடத்த ஆரம்பித்துவிட்டது. ஒரு காலத்தில் பத்திரிகைக்காரனுக்குச் சாப்பாடு போட்ட ஊர், இப்போது பத்திரிகை போடும் சாப்பாட்டைத் தின்கிறது.

என் பழைய தாஷ்கா இருக்கிறதா என்று போய்ப் பார்த்தோம். இருந்தது. மேல்மாடிகளில் குடியிருந்த கிழவிகளைக் காணோம். அந்த வாசல்களில் எண் பூட்டும் சக்கரப் பெட்டிகளும். விடுதி வீடுகளுக்குப் புதிய உரிமம் தருவதை நகராட்சி 2018-ல் நிறுத்தியபோது, கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்து முடித்திருந்தார்கள் போல. பக்கல்யாவ் ஆ பிராஷ் சொன்னேன். பிராஷ் என்ற கடைக்காரர் இந்தப் பேட்டையில்தான் அதைக் கண்டுபிடித்தார் என்பது செவிவழிக் கதை. உப்பிட்ட காட் மீனை ஊறவைத்து உதிர்த்து, வெங்காயம், தீக்குச்சி கனத்தில் பொரித்த உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம் போட்டுக் கிளறியது. எங்கள் ஊர் நாக்குக்குக் கருவாட்டு முட்டைப் பொடிமாஸ். பழைய முதலாளியம்மா முட்டையைக் காய விட்டுவிடுவார். இதில் முட்டை இளகியும் கிழங்கு மொறுமொறுவென்றும் இருந்தது. உண்மையைச் சொன்னால், 98-ஐவிட நன்றாக இருந்தது. சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தம்பி சொல்லிவிட்டான்.

சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்றேன். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் நேபாளத்துக்காரர். தம்பி இந்தியில் பேசினான். அந்த அம்மாவிடமே கற்றுக்கொண்டதாம். முட்டை விஷயம் மட்டும் அவர் சொந்த முடிவாம். “நீங்க வேலை முடிஞ்சு எங்கே சாப்பிடுவீங்க?” என்று கேட்டான். இந்தப் பேட்டையில் அவர் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. ராத்திரி ஒரு மணிக்கு ரொட்டியும் ஆலிவும் பார்த்தாலே அலுப்பாம். மொராரியாவில் பென்ஃபர்மோசு தெரு என்று ஒன்று இருக்கிறது, நம்மூர், வங்காளதேசம், நேபாளம் எல்லாம் அங்கேதான் என்று ஒரு கடையின் அடையாளமும் சொன்னார். பலகை கிடையாது, மெனு கார்டு கிடையாது, இருப்பதைப் போடுவார்கள். தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் ராத்திரி போனோம். கதவு வரை க்யூ நின்றது. எங்களுக்கு முன்னால் நின்ற ஜெர்மன்காரப் பெண், இது முன்பு மாதிரி இல்லை என்றாள்.