பட்டு புட்டான கதை

மருமகன், அந்த மௌசை ஒள்ளுப்பம் உட்டுப்போட்டு இஞ்சால திரும்பி இரிங்க. ஏசப் போறல்ல. கல்முனையில கொமினிகேசன் துறந்து, போட்டோகொப்பி மெசினும் வாங்கி, வாசல்ல ‘சகலவிதமான டைப் வேலைகளும்’ எண்டு போர்ட்டும் தொங்கவிட்டிரிக்கிற ஆளை ஏச நமக்கு என்ன தகுதி? எட்டாம் வகுப்போட வட்டைக்கு இறங்கின ஆள் நான். உங்கட நோட்டீசை வாசிச்சிட்டு, சந்தேகம் கேட்டுப் போகத்தான் வந்தன்.

‘புட்டுச் சாரிகள் மலிவு விலையில்’ எண்டு போட்டிரிக்கீங்க. மருதமுனைத் தறியில நூல் ஓடுறது எனக்குத் தெரியும். தேங்காப்பூவும் ஓடுது எண்டு உங்கட நோட்டீசைப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கிட்டன். அதுக்குக் கீழ ‘குடை வாடகைக்கு’. மாரி தொடங்கப் போகுது, குடைக்கு வாடகை வரும்தான். ஆனா கடையை வாடகைக்குக் குடுக்கப் போன மனிசன் ஏன் உங்களத் தேடித் திரியிறார் எண்டு யோசிச்சிப் பாருங்க. கலியாணக் காட்டில மணமகன் ‘முணமகன்’ ஆகிட்டார். முணுமுணுப்பு நிக்காஹ்வுக்குப் பிறகுதானே மருமகன் தொடங்கணும், காட்டிலயே தொடங்கினா எப்படி? மாமாவையும் நீங்க உடல்ல. நாலு தலைமுறையா மரைக்கார் எண்டு சொல்லி வந்த குடும்பம், உங்கட புண்ணியத்தில ‘முரைக்கார்’ ஆகி நிக்கிது.

இதுக்கு நீங்க கீபோர்ட்டைத் துடைக்கிறீங்க, கரண்டு ஏறி இறங்குது எண்டு சொல்றீங்க. கீபோர்ட்டும் சரி, உங்கட விரலும் சரி. நீங்க அடிச்சது ‘பட்டு’த்தான். அதைப் புட்டாக்கினது உள்ளுக்குள்ள இரிக்கிற ஒருத்தன்.

நீங்க போட்டிரிக்கிற எழுத்துரு பாமினி. அது வெளியில தமிழ், உள்ளுக்கு இங்கிலீசு. சின்ன ஜீ அடிச்சா ‘ப’, பெரிய ஜீ அடிச்சா ‘பு’. சின்ன எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. சின்ன கே ‘ம’, பெரிய கே ‘மு’. வேர்டுக்கு இந்த வேஷம் விளங்காது. அது காணுறது இங்கிலீசு எழுத்தை மட்டும்தான். வசனம் தொடங்கினா முதல் எழுத்து பெரிசா இரிக்கணும் எண்டு அதுக்கு ஓதிக் குடுத்திரிக்கி. நீங்க புது வரியில ‘பள்ளி’ எண்டு அடிச்சி அடுத்த சொல்லுக்குப் போகக்குள்ள, அது சின்ன ஜீயைப் பெரிசாக்கிப் ‘புள்ளி’ எண்டு வச்சிப்போடும். நடு வரியில வாற பள்ளி தப்பிச்சிரும். ஒரே கடிதத்தில பள்ளியும் புள்ளியும் மாறி மாறி வாறதுட இரகசியம் அதுதான்.

இன்னொரு வேலையும் செய்யும். சொல்லுட தொடக்கத்தில ரெண்டு பெரிய எழுத்து சேர்ந்து வந்தா, கை தவறிட்டெண்டு நினைச்சி ரெண்டாவதைச் சின்னதாக்கும். ‘குடும்பம்’ அடிக்கப் பெரிய எஃப்பும் பெரிய எல்லும் வேணும். அதால குடும்பம் ‘குடம்பம்’ ஆகும், முருங்கை ‘முரங்கை’ ஆகும்.

முந்தி நம்மட வட்டையில ஒரு வட்டவிதானை இருந்தார். விதைச்ச அண்டைக்கே வந்து, கேளாமலே வக்கடையைத் துறந்து உடுவார். வித்தெல்லாம் மிதந்து பக்கத்துக் கண்டத்துக்குப் போகக்குள்ள, “உங்கட தண்ணியையும் நானே பாத்திட்டன் காக்கா” எண்டு சிரிச்சிக்கிட்டு நிப்பார். அவர்ல கோவிக்க ஏலாது, மனசு நல்ல மனசு. மம்பெட்டியைத்தான் ஒளிச்சி வைக்கணும்.

வேர்டுக்குள்ள இந்தத் திருத்துற வேலையை வச்ச ஆளையும் அப்படித்தான், ஏசப்படா. டீன் ஹச்சமோவிச் எண்டு மைக்ரோசொஃப்டில இருந்த மனிசன். இங்கிலீசுல ‘தி’ எண்டு அடிக்கப் போறவன் அவசரத்தில எழுத்தை இடம் மாத்திப் போடுறான், அதை மெசினே திருத்தட்டும் எண்டு நினைச்சார். 1993 இல் வந்த ஆறாவது வேர்டில அந்த வேலை வந்து சேர்ந்திச்சி. அவர்ர கணக்கில கல்முனையும் இல்ல, பாமினியும் இல்ல. சுண்டிக்குழியில 1886 இல் பிறந்த முத்தையா தமிழுக்கு டைப்ரைட்டர் அமைச்ச நேரம் மெசினுக்குச் சொந்தப் புத்தி இருக்கல்ல. அடிச்சது தாளில விழும். பிழையெண்டா அடிச்சவன்ட பிழை, தப்பிக்க வழியில்ல. உங்களுக்கு இப்ப பழி போட ஒரு ஆள் கிடைச்சிரிக்கி, அதையும் கீபோர்ட்டுக்குப் போடுறீங்க.

சரி, நிப்பாட்டுற விதத்தைக் கேளுங்க. ஃபைல், அதுக்குள்ள ஒப்ஷன்ஸ், அதுக்குள்ள ப்ரூஃபிங், அதுக்குள்ள ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ். எனக்கு எப்படித் தெரியும் எண்டு பாக்காதீங்க, உங்கட மாமிட தங்கச்சிட மகள் சொல்லித் தந்த. அவ உங்கள விட மூணு வயசு இளமை எண்டதையும் சொல்லி வைக்கிறன். அந்தப் பெட்டியில மேல இரிக்கிற டிக்குகளைப் பாருங்க. ரெண்டு பெரிய எழுத்தைத் திருத்துறது, வசனத்துட முதல் எழுத்தைப் பெரிசாக்கிறது, அட்டவணைக் கட்டத்துட முதல் எழுத்தைப் பெரிசாக்கிறது. மூண்டையும் எடுத்து உடுங்க. எல்லாத்தையும் ஒரேயடியா வழிச்சி எடுக்காதீங்க, இங்கிலீசுக் கடிதம் அடிக்க வாற மாஸ்டர்மார் உங்களோட சண்டைக்கு நிப்பாங்க.

அதே பெட்டியில கீழ ஒரு நீட்டுப் பட்டியல் இரிக்கி. அடைப்புக்குள்ள சின்ன சீ அடிச்சா பதிப்புரிமைக் குறியாக்கும், சின்ன ஆர் அடிச்சா வட்டத்துக்குள்ள ஆர் போடும். பாமினியில சின்ன சீ எண்டா ‘உ’, சின்ன ஆர் எண்டா ‘ச’. நீங்க அடிச்சிக் குடுத்த நம்மட சங்கத்து யாப்பில அ, ஆ, இ, ஈ எண்டு அடைப்புப் போட்டு வந்த வாசகம் ‘உ’வில மறைஞ்சி போனதுக்குக் காரணம் செயலாளர் இல்ல மருமகன். பாவம், அந்த மனிசனை ஒரு கூட்டம் முழுக்கக் கேள்வி கேட்டாங்க.

பக்கத்தில ‘ஓட்டோஃபோர்மட் அஸ் யூ டைப்’ எண்டு இன்னொரு பக்கம். கையொப்பம் வைக்க அடிக்கோடு அடிச்சி என்டர் தட்டினா, தாளுக்குக் குறுக்கால மதில் மாதிரி ஒரு கோடு உழுதே, பேக்ஸ்பேசுக்கு அழியாம நிண்டு உங்கள அழ வைக்குதே, அதுட டிக் அங்கதான் இரிக்கி. ‘1.’ எண்டு போட்டதும் தானா இலக்கம் போட்டுத் தள்ளிக்கிட்டுப் போறதும் அங்கதான். டிக் எடுக்க மறந்து, அது வேலையைக் காட்டிட்டா, உடனே கன்ட்ரோல் இசட் ஒருக்கா அடிங்க. நீங்க அடிச்சது நிக்கும், அது செஞ்சது மட்டும் போகும்.

யூனிகோடில அடிச்சா பட்டு புட்டாகாது. தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்ல, அது என்னத்தை மாத்தும்? “அச்சகத்தில பாமினிதான் கேக்கிறாங்க மாமா” எண்டு நீங்க இழுப்பீங்க எண்டும் தெரியும். கேக்கட்டும், அவங்களுக்கு மாத்திக் குடுக்கலாம்.

எக்செல்லயும் உங்கட கைவண்ணத்தைக் கண்டன். ஜனாஸா நலன்புரிப் பட்டியலில அடையாள அட்டை இலக்கத்தை 1.99ஈ+11 எண்டு போட்டிரிக்கீங்க. மௌத்தானவரை எந்தக் கணக்கில சேர்க்கிற? 2016 இல் இருந்து வாற அட்டைக்கு 12 இலக்கம். எக்செல் 11 வரைக்கும்தான் முழுசாக் காட்டும், அதுக்கு மேல சுருக்கும். உள்ளுக்கு இலக்கம் பத்திரமா இரிக்கும், அப்படியே சிஎஸ்வியாச் சேமிச்சா சுருங்கினதுதான் மிஞ்சும். வங்கி அட்டை மாதிரி 16 இலக்கம் அடிச்சா இன்னும் மோசம், கடைசி இலக்கத்தைப் பூச்சியமாக்கிரும், அது திரும்பி வராது. 077 எண்டு தொடங்கிற போன் நம்பருட முன்பூச்சியத்தையும் தின்னும், வீட்டு இலக்கம் 12/3 ஐத் திகதியாக்கும். அடிக்க முதலே அந்த நிரலை ‘டெக்ஸ்ட்’ எண்டு மாத்தி வைங்க. மறந்தா, ஒவ்வொரு இலக்கத்துக்கும் முன்னால ஒரு ஒற்றை மேற்கோள் குறி.

இதில வெக்கப்படாதீங்க, பெரிய பெரிய விஞ்ஞானிமாரே மாட்டிக்கிட்டாங்க. செப்ட்1, மார்ச்1 எண்டு மனிச மரபணுக்களுக்குப் பேர். எக்செல் அதை செப்டம்பர் முதலாம் திகதி, மார்ச் முதலாம் திகதி எண்டு ஆக்கி, ஆய்வுப் பட்டியல்களைக் கெடுத்திச்சி. 2020 இல் பேர் வைக்கிற குழு மரபணுவுட பேரையே மாத்திட்டு: செப்டின்1, மார்ச்எஃப்1. மெசின் திருந்தாது எண்டு புள்ளைட பேரைத் திருத்தின மாதிரிதான். அந்த மாத்தத்தை நிப்பாட்டுற டிக்கை மைக்ரோசொஃப்ட் குடுத்தது 2023 இல். உங்களுக்கு வேர்டில அந்த டிக் எத்தினையோ வருசமா இரிக்கி, நீங்கதான் அந்தப் பக்கம் போகல்ல.

இப்ப என்ட வேலை. வாய்க்கால் துப்பரவாக்கிறது சம்பந்தமா ஒரு மனு, ரெண்டு பிரதி. ‘மதிப்புக்குரிய ஐயா’ எண்டு தொடங்குங்க. ‘முதிப்புக்குரிய’ எண்டு வந்தா காசில்ல. சரியா வந்தாலும், அசர் தொழுதிட்டு வந்துதான் தருவன்.