முதுகு காட்ட வழியில்லாத பேரம்

பொள்ளாச்சி மாட்டுச்சந்தையில் செவ்வாய், வியாழன்களில் இரண்டு பேர் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். பாசமெல்லாம் இல்லை. ஒருவர் வியாபாரி, இன்னொருவர் தரகர். எத்தனை விரலைப் பிடித்து அழுத்துகிறார் என்பதில் இருக்கிறது மாட்டின் விலை. பக்கத்தில் நிற்பவனுக்கு அது தெரியாது. மாட்டுக்கும் தெரியாது. நல்லேப்பிள்ளியிலிருந்து கோபாலபுரம் வழியாக அந்தச் சந்தைக்குப் போய்வந்த தலைமுறைகளின் வாரிசு நான். அப்படியிருந்தும் ஒரு சீட்டுக்கட்டை நியாயமான விலைக்கு வாங்க என்னால் முடியவில்லை.

சீட்டுக்கட்டு என்றால் ரம்மி ஆடுவது அல்ல. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஒரு பெயர் சொன்னால் போதும்: ட்ரம்ப் கார்டு. மேலே கிரிக்கெட் வீரர் படம், கீழே ஆடிய ஆட்டம், எடுத்த ரன், சாய்த்த விக்கெட். எதிராளியைவிட உங்கள் எண் பெரிதானால் அவன் சீட்டு உங்களுக்கு. மல்யுத்தக் கட்டும் உண்டு. எடை என்றால் யோகோசூனா, உயரம் என்றால் ஜயண்ட் கொன்சாலஸ். இந்த இருவரும் கையில் இருந்தவனுக்கு மதிய இடைவேளை முழுக்க ராஜவாழ்க்கை. (மல்யுத்தம் விளையாட்டில் சேருமா என்கிற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.) எங்களுக்கு மூத்தவர்கள் எண்பதுகளின் கடைசியில் பிக் ஃபன் பபிள்கம் மென்றார்கள். உள்ளே இருக்கும் கிரிக்கெட் படத்தோடு ரன்னோ விக்கெட்டோ வரும், சேர்த்துக் கொடுத்தால் பரிசு. பல்லைப் பலிகொடுத்து ரன் குவித்த தலைமுறை அது.

அன்று பெட்டிக்கடையில் சில்லறைக்குக் கிடைத்த இந்தச் சாமான்களுக்கு இன்று 'விண்டேஜ்' என்று பெயர். பரணைச் சுத்தம் செய்கையில் ஒரு கட்டு கிடைத்தால் போதும், கண்டெடுத்தவர் அன்று ராத்திரியே போனில் படம் போட்டுக் கடை விரித்துவிடுகிறார்.

இவர்களில் எனக்கு ஆகவே ஆகாதவர், விலையே சொல்லாதவர். விலை போடவேண்டிய இடத்தில் ஒரு ரூபாய் என்று இருக்கும். அது விலையல்ல என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். எவ்வளவு என்று கேட்டால், "நீங்க சொல்லுங்க ப்ரோ." இருநூறு என்பேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வரும். "சரி, நீங்களே சொல்லுங்க." "நல்ல ஆஃபரா ஒண்ணு சொல்லுங்க ப்ரோ." முந்நூறு. இப்போது இரண்டு பொம்மை சிரிக்கும். இப்படியே போனால் பொம்மைக்கு நூறு ரூபாய் வீதம் நான் ஏறிக்கொண்டே இருப்பேன், அவர் தன் வாயால் ஓர் எண்ணைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

விலை சொல்கிறவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? எர்ணாகுளத்துக்காரர் ஒருவர். நான் தேடிய கிரிக்கெட் கட்டு முழுதாக அவரிடம் இருந்தது. எண்ணூறு என்றார். நான் நானூறில் ஆரம்பித்தேன். "சேட்டா, வேறொராள் எழுநூறு பறஞ்ஞிட்டுண்டு" என்று பதில் வந்தது. இந்த 'வேறொராள்' மேல் எனக்கு வெகுகாலமாகவே ஒரு கண். நான் விசாரித்த ஒவ்வொரு கட்டையும் எனக்கு முன்னால் அவர் விசாரித்திருக்கிறார், எப்போதும் என்னைவிடக் கூடுதலாகக் கேட்டிருக்கிறார், ஒன்றைக்கூட வாங்கியதில்லை.

அது பலிக்காவிட்டால் அமெரிக்காவைக் கூப்பிடுவார்கள். அங்கே எவனோ இதே மாதிரி ஒரு கட்டுக்கு ஐம்பது டாலர் போட்டிருப்பதன் ஸ்க்ரீன்ஷாட் வரும். போட்டிருக்கிறான் சரி, விற்றானா? அதைக் கேட்டால் அடுத்த அஸ்திரம்: 2022 ஆகஸ்டில் மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால்காரரின் ஒரே ஒரு சீட்டு 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போன செய்தி. உண்மைதான். ஆனால் அதை விற்றவர் 1991-இலேயே 50,000 டாலர் எண்ணிக்கொடுத்து வாங்கி, முப்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தவர். தவிர அது 1952-இல் டாப்ஸ் கம்பெனி அடித்த சீட்டு. விற்காமல் தேங்கிய மிச்சத்தை 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அந்தக் கம்பெனியின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். தப்பித்த சீட்டுக்கு மவுசு வராமல் என்ன செய்யும்? நம்மூரில் கடல்வரை போகவில்லை, அம்மாக்கள் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டார்கள். பலன் என்னவோ ஒன்றுதான். ஆனால் அந்த ஏலச் செய்தியை வைத்து எண்ணூறு ரூபாயை நியாயப்படுத்துவது அமெரிக்காவுக்கே அடுக்காது.

இதற்கு மேல் சரக்கின் லட்சணம் வேறு. "மின்ட் கண்டிஷன்" என்பார். படத்தில் சீட்டின் ஒரு மூலையை அவருடைய கட்டைவிரல் மறைத்திருக்கும். விரலை எடுத்துவிட்டு ஒரு படம் அனுப்பச் சொன்னால், அதில் வேறு மூலையில் விரல் இருக்கும். மாட்டுக்கென்றால் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கலாம். இங்கே என் பல்தான் நறநறக்கிறது. வெளிநாட்டில் இதற்கென்றே பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுப் பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத்தரும் கம்பெனிகள் உண்டு. பி.எஸ்.ஏ. என்ற அப்படியொரு கம்பெனி 1991-இல் முதன்முதலாக மார்க் போட்டது ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால்காரரின் சீட்டுக்கு, பத்துக்கு எட்டு. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கிய சீட்டு அது. அதன் ஓரத்தை வெட்டிச் சீர்செய்தது நான்தான் என்று பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் 2013-இல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். வாக்னர் நிலைமையே அப்படியென்றால், எர்ணாகுளத்துக் கட்டைவிரலுக்குப் பின்னால் என்னென்ன இருக்குமோ!

இத்தனையும் பொறுத்துக்கொள்வேன். என்னால் தாங்க முடியாதது ஒன்றே: இந்தப் பேரத்தில் முதுகு காட்ட வழியில்லை. சந்தையில் விலை படியாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டு நாலு எட்டு நடப்பார்கள். உண்மையான பேரம் அப்போதுதான் தொடங்கும். நடையின் வேகத்தில் பிடிவாதம் எவ்வளவு, நடிப்பு எவ்வளவு என்று எதிராளி கணக்குப் போடுவார். "அட வாங்க, கோவிச்சுக்காதீங்க" என்ற குரல் வந்துவிட்டால் பாதி விலை இறங்கிவிட்டது என்று அர்த்தம். நானும் எர்ணாகுளத்துக்காரரிடம் ஐந்நூறுவரை ஏறிப் பார்த்துவிட்டு, "சரி, அப்ப வேண்டாம்" என்று விறைப்பாக அடித்தேன். கட்டைவிரல் உயர்த்தி ஒரு லைக் போட்டார். கோபித்துக்கொண்டு போகிறவனுக்கு லைக் போடுகிற நாகரிகத்தை என்னவென்று சொல்வது?

மாமாவிடம் முறையிட்டேன். மாடு விற்று வாங்கிப் பழுத்தவர்.

"ஆளு எங்க இருக்கறான்?"

"எர்ணாகுளத்துலீங் மாமா."

"தரகு ஆரு?"

"இதுல தரகெல்லாம் இல்லீங்."

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நடுவுல ஆளில்லாம ரெண்டு பேரும் மொகத்துக்கு மொகம் வெல பேசுனா எவன் எறங்குவான்? எறங்குனா மானம் போயிரும்னு ரெண்டு பேருமே நிப்பீங்க. தரகுக்காரன் சொல்லி எறங்குனா அது மரியாதை."

வருஷக்கணக்காக எனக்குப் புலப்படாத விஷயம் அவருக்கு ஒரு வெற்றிலை மடிக்கிற நேரத்தில் புலப்பட்டது. தானே தரகு பார்ப்பதாகவும் சொன்னார். யோசனை இதுதான்: தன் போனிலிருந்து தனி ஆளாக அதே கட்டை முந்நூற்றைம்பதுக்குக் கேட்பார். இவ்வளவுதான் போகும் என்று எதிராளிக்குத் தோன்றியதும், என் ஐந்நூறு அவர் கண்ணுக்குப் பெரிய தொகையாகத் தெரியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிக் கொடுக்க, மாமா ஒற்றை விரலால் அழுத்தி அழுத்தி அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. மாமா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிப் படித்தார்: "வேறொராள் எழுநூற்றம்பது பறஞ்ஞிட்டுண்டு."

"இதுக்குப் போய் எழுநூத்தம்பது சொன்ன அந்தக் கிறுக்கன் எவன்டா?" என்று மாமா என்னைப் பார்த்தார்.

அந்த வேறொராள் நான்தான் என்பதை அவரிடம் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. இத்தனைக்கும் நான் ஐந்நூறைத் தாண்டவே இல்லை.