ஒரு செட்டு குடுங்க

நேற்று மாலை மெடிக்கலில் எனக்கு முன்னால் நின்றவர், செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து நேராக வந்தவர் என்பதற்குப் புருவம் வரையில் படிந்திருந்த வெள்ளைத் தூசியே சாக்ஷியாக இருக்க, "இருமலுக்கு ஒரு செட்டு குடுண்ணே, பவரா" என்று கேட்டதும், கடைக்காரர் மறுபேச்சின்றி நான்கு அட்டைகளிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துச் சிறு கவரில் போட்டு நீட்டியதும் இன்னமும் என்னை உறுத்துகிறபடியால், எந்த மாத்திரை எந்த வியாதிக்கு என்பதை விருத்தாசலத்து மகாஜனங்களுக்குச் சாங்கோபாங்கமாக எடுத்துரைப்பதென்று தீர்மானித்துவிட்டேன்.

அதற்கு முன், அந்தக் கத்தரிக்கோலைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்தின் பெயரை அட்டையின் நடுவிலும் காலாவதித் தேதியை ஓர் ஓரத்திலுமாக அச்சிட்ட புண்ணியவான், நம் தேசத்தில் மாத்திரை இரண்டிரண்டாக விற்பனையாகும் என்பதைச் சொப்பனத்திலும் கண்டவனல்லன். ஆகவே நம் வீட்டு மருந்து டப்பாவில் எஞ்சுவதெல்லாம், தலை போய் வால் மட்டும் மிஞ்சிய "...சோல்" என்றொரு துண்டு. அது வயிற்று அமிலத்துக்கான பான்டப்ரசோலா, குடற்புழுவுக்கான அல்பெண்டசோலா, படைக்கான ஃப்ளுகோனசோலா, சீதபேதிக்கான மெட்ரோனிடசோலா, அல்லது தைராய்டு மிகுந்தவர்களுக்கான கார்பிமசோலா என்று குடும்ப சபை கூடி விசாரிக்கையில், மாமியார் நிறத்தை ஆதாரமாகக் காட்டுவார். மைத்துனர், "போன தீபாவளிக்கு நான் போட்டதுதான், கேட்டுச்சே" என்று பிரமாணம் செய்வார். எதற்குக் கேட்டது என்று மட்டும் எவரும் வினவமாட்டார்கள். கடைசியில் அது கேஸ் மாத்திரையென்று ஏகமனதாகத் தீர்ப்பாகி, வெறும் வயிற்றில் விழுங்க வேண்டியதைக் கல்யாண விருந்துக்குப் பின் பாயசத்தின்மேல் விழுங்குவதுதான் நம் சம்பிரதாயம். மாத்திரையைப் பாதியாக உடைத்து, "கொழந்தைக்கு இது போதும்" என்று அளவு நிர்ணயிக்கும் பாட்டிமார்களைப் பற்றி எழுதப் புகுந்தால் இப்பத்திரிகை கொள்ளாது.

பாராசிட்டமாலையாவது சொல்லிவிடுகிறேன். காய்ச்சலுக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று, ஜலதோஷத்துக்கு ஒன்று என்று மூன்று பெயர்களில் வாங்கி, மூன்றிலும் அதுவே ஒளிந்திருப்பதை அறியாமல் விழுங்குகிறவர்கள், திடகாத்திரமான பெரியவர்களுக்குக்கூட ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போனால் ஈரல் கெடும் என்பதைக் கேட்டால் என்னைத்தான் முறைக்கிறார்கள். ஆன்டிபயாடிக் அட்டையின் சிவப்புக் கோட்டுக்கு, சீட்டில்லாமல் வாங்காதே என்பது அர்த்தமென்று 2016-இல் மத்திய அரசு பிரசாரமே செய்தது. நம்மவர்கள் அதை அலங்காரமென்று எண்ணியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபமெல்லாம் அந்த இருமலைப் பற்றித்தான். வருஷக்கணக்காக நெஞ்சில் இறங்கிய சிலிக்காத் தூசியை எந்த அஸித்ரோமைசினும் கொல்லாது. தூசிக்கு உயிர் ஏது? அவர் போக வேண்டியது எக்ஸ்ரே எடுக்க. அவருக்குக் கிடைத்தது செட்டு.

இன்னொரு விசேஷம். நம்மூர்ப் பீங்கானுக்கு ஆதாரமான கயோலின் என்னும் வெண்களிமண்தான் முன்னாளில் பெக்டினுடன் கலந்து வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கப்பட்டது. இதைக் கடைத்தெருவில் வாய்தவறியும் சொல்ல நான் துணியமாட்டேன். சொன்னால் மறுநாளே தொழிற்பேட்டையில் களிமண் மூட்டைகள் இளைக்கத் தொடங்கும். அகல் விளக்குப் பட்டறைக்காரர்கள் என் வாசலில் வந்து நிற்பார்கள்.