செலுத்தாக் காசு: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

செல்லும் ஆயினும் செலுத்தப் படாஅது;
தொட்டால் தேயும்; தொடாக்கால் ஓங்கும்;
அதுவே மறவர் காசெனப் படுமே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், போர்வீரரைப் போற்றி அரசுகள் அடிக்கும் வெள்ளிக் காசின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. நூற்பா யாருடையதோ எனின், நம்முடையதே. ஆய்வுக் களம்: பெரியப்பாவின் மர பீரோ, இரண்டாம் தட்டு. பூட்டு உண்டு; சாவி அவர் பூணூலில்.

1. பெயர்க்காரணம்

செல்லாக்காசை ஊர் அறியும். கடைக்காரர் திருப்பித் தருவது அது. செலுத்தாக்காசு வேறு. கொடுத்தால் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். கொடுக்கத்தான் ஆள் கிடையாது. இரண்டும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமே எனினும், முன்னதில் குற்றம் காசினது, பின்னதில் குற்றம் உடையவனது.

சான்று: 1991இல் அமெரிக்க நாணயச்சாலை வெளியிட்ட கொரியப் போர் நினைவு வெள்ளி டாலர். எடை 26.73 கிராம், வெள்ளி 90 விழுக்காடு. ‘ஒரு டாலர்’ என்று காசிலேயே பொறித்திருக்கிறது. அதை நீட்டி ஒரு டாலருக்கு ஒரு சாமான் வாங்கினால் சட்டம் தடுக்காது. பெரியப்பா தடுப்பார்.

2. வகை

இக்காசு ப்ரூஃப், யுஎன்சி என இருவகைப்படும். அச்சையும் வெற்றுத் தகட்டையும் மெருகேற்றி, குறைந்தது இரண்டு முறை அடித்து எடுப்பது ப்ரூஃப். அதன் தரை கண்ணாடியாக மின்னும். உருவங்கள் பனி பூத்தாற்போல் வெளுத்து நிற்கும். அந்தக் கண்ணாடி மெருகில்லாமல் அடிபட்டு, எவர் கையிலும் புழங்காமல் பெட்டிக்குப் போவது யுஎன்சி. கொரிய டாலரில் ப்ரூஃப் 6,18,488, யுஎன்சி 2,13,049. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மேட்டில் ஏறி ஓடும் சிப்பாயையும் கண்ணாடித் தரையில் ஓடவிட்டுப் பார்க்கவே மக்கள் விரும்புகின்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

காட்சி முறையும் உண்டு. வெள்ளைக் கையுறை போட்டு, விளிம்பை மட்டும் பிடித்து, கீழே துண்டு விரித்துத்தான் டப்பியைத் திறக்க வேண்டும். “காசுக்கு நேரா வாயைத் தொறக்காதே, எச்சில் தெறிச்சாப் புள்ளி விழும்” என்பார் பெரியப்பா. சேற்றிலும் பனியிலும் புரண்டவனுடைய நினைவுச்சின்னத்தின் மேல் ஒரு துளி ஈரம் படக்கூடாது. முரண் அன்றோ எனின், அன்று, பக்தி என்க. மூலவரையும் நாம் தொட்டுக் கும்பிடுவதில்லை.

3. முப்பத்தெட்டாம் இயல்

25 கொண்டாடுவார் உண்டு, 50 உண்டு, 75 உண்டு. 38 கொண்டாடுவார் உளரோ எனின், உளர். சண்டை நின்றது 1953 ஜூலை 27. காசு வந்தது 38ஆம் ஆண்டில். கொரியாவை இரண்டாக்கியது 38ஆம் அட்சக்கோடு ஆகலான் அது பொருந்தும் என்பது காசு அடித்தவர் கருத்து. நம் வீட்டில் கல்யாண நாளைக் கதவு எண் பார்த்துக் கொண்டாடுவதை இது ஒக்கும்.

இக்காசு விற்ற பணத்தில் ஒரு பங்கு வாஷிங்டனில் கொரியப் போர் வீரர் நினைவிடம் எழுப்பப் போயிற்று. 1995இல் திறந்த அவ்விடத்தில், மழையங்கி போர்த்திய எஃகுச் சிப்பாய்கள் பத்தொன்பது பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள். பக்கத்துக் கருங்கல் சுவர் மெருகேற்றியது. அதில் விழும் நிழலையும் சேர்த்து எண்ணினால் முப்பத்தெட்டு. ஆக, ஆள் பாதி மெருகு பாதி எனும் ப்ரூஃப் தத்துவம் காசோடு நிற்பதன்று.

4. மறுதலை

போரைப் போற்றும் காசு இப்படியாக, போருக்கே போன காசு எப்படி இருந்தது? இரண்டாம் உலகப் போரில் செம்புக்குத் தட்டுப்பாடு வர, 1943இல் காலணாவின் நடுவயிற்றை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். ஓட்டைக் காலணா பிறந்தது. ரூபாயோ 1940இலேயே 91.7 விழுக்காட்டு வெள்ளியிலிருந்து 50க்கு இறங்கி, மீதிக்குச் செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்த்துக்கொண்டது. போர் முடிந்தும் பத்தியம் முடியவில்லை. போர்ட் பிளேரில் நேதாஜி கொடியேற்றியதன் 75ஆம் ஆண்டுக்காக 2018இல் வந்த 75 ரூபாய்க் காசும் 35 கிராமில் அதே பாதி வெள்ளிக் கலவைதான். ஆங்கிலேயன் போருக்காகக் காய்ச்சிய கலவையில் நின்றுதான், அவனை எதிர்த்தவர் கொடிக்கு சல்யூட் அடிக்கிறார்.

பெரியம்மாவின் சுருக்குப்பையில் ஓர் ஓட்டைக் காலணா கிடக்கிறது. சுண்ணாம்பு அப்பி, எழுத்து மழுங்கி, ஓட்டையின் ஓரம் வழவழத்துப் போனது. அதை எடுக்கக் கையுறை தேவைப்படவில்லை. வெற்றிலை எடுக்கும்போது அதுவே கையோடு வந்தது.

5. தடையும் விடையும்

காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுப்பது இயற்கை. அதற்கு ‘டோனிங்’ என்று பெயரிட்டு, அழகாகக் கறுத்ததைக் கூடுதல் விலைக்கு வாங்குவாரும் உளர். காசைத் துடைப்பது இத்துறையில் பெருங்குற்றம். துடைத்த கீறல் லென்ஸில் தெரியும், விலை விழும்.

சென்ற தை வெள்ளிக்கிழமை, பெரியப்பா குளிக்கப் போகையில் பூணூலைக் கழற்றாமல் சாவியை மட்டும் கழற்றி வைத்தார். திரும்பி வந்தபோது கொரிய டாலர் பூஜை அறையில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டுடன் இருந்தது.

“வெள்ளி இப்படிக் கறுத்துக் கெடக்கே, வீட்டுக்கு ஆகுமா? வெபூதி போட்டுத் தேச்சேன். இப்பப் பாருங்க, பளிச்சுன்னு இருக்கு” என்றார் பெரியம்மா.

லென்ஸ் வைத்துப் பார்த்தோம். கண்ணாடித் தரை முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். சிப்பாயின் முகத்துப் பனி போய்விட்டது. மேடு மட்டும் முதல்முறையாக மேடு போலத் தெரிந்தது.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றான், மறவர் காசு ப்ரூஃப், யுஎன்சி, விபூதி என மூவகைப்படும் எனக் கொள்க. மூன்றாவதன் சந்தை விலை இனி ஆராயற்பாலது.

எஞ்சியது ஒன்று. கொரியாவில் 1953இல் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை ஆகவில்லை. பெரியப்பா வீட்டிலும் இப்போதைக்கு அதே நிலைதான். கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே கோடு ஒன்று ஓடுகிறது. காபி மட்டும் அதைக் கடந்து வருகிறது.