இரண்டு விநாடிக்கு ஓர் எதிர்காலம்

போச்சம்பள்ளித் தாலுகாவுக்கு எதிர்காலம் 2021-இல் வந்தது. 500 ஏக்கரில் தொழிற்சாலை, 3,000 ரோபோ, 10,000 பெண்கள், 2 விநாடிக்கு ஒரு மின்ஸ்கூட்டர், முழுத்திறனில் ஆண்டுக்கு 1 கோடி என்றது ஓலா. சொன்ன வேகத்தில் வந்தது அறிவிப்பு மட்டும்தான். 2024-25 நிதியாண்டில் அந்நிறுவனம் விற்றது சுமார் 3.6 லட்சம் வண்டி. வகுத்துப் பார்த்தால் ஒரு வண்டிக்கு 88 விநாடி. ரோபோக்கள் நடுவில் டீ குடிக்கப் போகின்றன போலும். “பெண்களுக்கு வேலை கிடைத்ததே?” என்பார்கள். கிடைத்தது, மாந்தோப்பில் சீசனுக்குச் சீசன் கூலி பார்ப்பதைவிட மாதச் சம்பளம் மேல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வேலையைத் தருவது ரோபோ அல்ல, வண்டி வாங்குகிறவர். அவர் தயங்கினால் ரோபோவை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.