நின்று பயன் இன்மை: குயிலாப்பாளையத்து அப்கிரேடுகள் பற்றி ஓர் ஆய்வு

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் வகுத்து வைத்தார். குன்றக் கூறல் முதல் நின்று பயன் இன்மை ஈறாக உள்ள அப்பத்தும் ஓலைச்சுவடிகளைப் பற்றியவை என்றே உரைகாரர்கள் இதுகாறும் கொண்டனர். அது பொருந்தாது. எந்தச் சுவடி 32 சதவீதத்தில் நின்றது? முனிவர் குறித்தது விண்டோஸ் அப்கிரேடையே என்பது இக்கட்டுரையின் துணிபு.

களம், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துக் குயிலாப்பாளையம். சென்னையும் பெங்களூரும் இருக்க இவ்வூரைத் தேர்ந்தது என்னையெனின், முடியாத அப்கிரேடுகளோடு இவ்வூராருக்கு உள்ள பழக்கம் பிறர்க்கு இல்லை என்க. ஊரை ஒட்டிய ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. 50,000 பேர் வாழப்போகும் நகரம் என்பது திட்டம். இப்போது இருப்போர் மூவாயிரத்துச் சொச்சம். கணக்குப் போட்டால் 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திருக்கு 1971-ல் அடிக்கல் நாட்டி 2008-ல்தான் வேலையை முடித்தார்கள். இதையெல்லாம் முந்திரித்தோப்பு ஓரம் நின்று பார்த்து வளர்ந்தவர்கள், திரையில் ஒரு வட்டம் மூன்று மணி நேரம் சுற்றுவதற்கா அசரப் போகிறார்கள்?

ஆய்வுப்பொருள், தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் கிடைத்த இலவச லேப்டாப் ஒன்று. பேட்டரி செத்து நாளாயிற்று. சார்ஜர் வயரில் கறுப்பு இன்சுலேஷன் டேப். ராம் 2 ஜிபி. பிளஸ் டூவில் அதை வாங்கியவர் இப்போது சாலையோரத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ஃபிளெக்ஸ் டிசைன் மூன்றும் பார்க்கிறார். பேஜ்மேக்கரும் போட்டோஷாப் 7-ம் இல்லாமல் அவர் கடை ஓடாது. எனவே அப்கிரேடு என்றாலே அவருக்கு வயிற்றில் புளி கரையும்.

முதற்கண் குன்றக் கூறல், கூறியது கூறல் இரண்டையும் சேர்த்தே காண்போம். 2015-ல் விண்டோஸ் 10 வந்த புதிதில், நிறுவல் தோற்றால் ஒரு பெட்டி தோன்றியது. தலைப்பில் "ஏதோ நடந்துவிட்டது" என்றிருந்தது. விவரம் அறியக் கீழே பார்த்தால், அங்கும் "ஏதோ நடந்துவிட்டது". உலகமே சிரித்தது. இரண்டு குற்றத்தை ஒரே வாக்கியத்தில் செய்து காட்டிய திறன் வேறு எந்நூலிலும் இல்லை.

அடுத்தது நின்று பயன் இன்மை. கடையில் பதிவு செய்த உரையாடல் இது:

"இன்னாண்ணா, காலைல பார்த்தப்பவும் 32, இப்பவும் 32?"

"தொடாதடா, உள்ள வேலை செஞ்சிக்கினு இருக்குது."

"எல்லாத்தயும் புடுங்கிட்டு ஒருவாட்டி ஆஃப் பண்ணி போடுண்ணா."

இதில் இரு மதங்கள் தெளிவாகின்றன. அண்ணன் தொடாமைவாதி, தம்பி பிடுங்கல்வாதி. தொடாமைவாதத்துக்கு நியாயம் உண்டு. சதவீதம் என்பது நேரத்தின் அளவன்று. ஓடுகின்ற விண்டோஸுக்குள்ளேயே ஒரு கட்டம், ரீஸ்டார்ட் ஆகிச் சிறியதொரு தற்காலிக விண்டோஸில் ஒரு கட்டம், பின் புதியதை இருமுறை பூட் செய்வது என நான்கு கட்டமாக வேலை நடக்கும். ஒரு கட்டம் ஐந்து நிமிடத்தில் முடியும், மற்றொன்று சாப்பிட்டுத் தூங்கி எழுந்தாலும் முடியாது. ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்குகிறவரை காத்திருப்பது முறை. ஆனால் பிடுங்கல்வாதத்துக்குத் தயாரிப்பாளரின் வாக்குமூலமே சான்று: 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பு, பென் டிரைவோ மெமரி கார்டோ செருகியிருந்தால் "இந்தக் கணினியை மேம்படுத்த முடியாது" என்று மறுத்தது. நம் ஆய்வுப்பொருளிலும் பாட்டு பென் டிரைவ் ஒன்று செருகியே கிடந்தது. பிடுங்கச் சொன்ன அளவில் தம்பி சொன்னதே சரி.

71 சதவீதம் போய், கறுத்து, "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்" என்று பழையபடி எழுந்து நிற்பது சென்று தேய்ந்து இறுதல். எண் 0எக்ஸ்சி1900101 என்று தொடங்கினால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. பழைய பிரிண்டர், பழைய வெப்கேம், ஆன்டிவைரஸ் இவற்றை முதலில் கழற்றுக. 0எக்ஸ்80070070 என்றால் இடமில்லை; கல்யாண ஆல்பங்களைச் சி டிரைவிலிருந்து நகர்த்துக.

மிகைபடக் கூறலுக்கு வருவோம். இப்பகுதியே இவ்வாய்வின் பெருமை. விண்டோஸ் 7 தனக்கென 100 எம்பி அளவில் ஒரு மறைவான ஒதுக்கிடம் வைத்துக்கொள்ளும். அது நிரம்பினால் அப்கிரேடு நகராது. அதில் இடத்தை அடைத்துக் கிடப்பவற்றுள் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துருக்களும் உண்டு. அவற்றை நீக்கி இடம் பண்ணச் சொல்வது மைக்ரோசாஃப்டே. குயிலாப்பாளையத்துக்குக் கொரிய மொழி எதற்கு என்று கேட்க முடியாது. ஆரோவிலில் கொரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நம் ஜெராக்ஸ் கடை லேப்டாப்பில் பூட் ஆவதில்லை. எச்சரிக்கை ஒன்று: நீக்க வேண்டியது அந்த ஒதுக்கிடத்து எழுத்துருக்களை மட்டுமே. அவசரத்தில் பொது எழுத்துருக் கோப்புறையில் கைவைத்தால், மறுநாள் காதணி விழா பேனர் முழுக்கக் கட்டம் கட்டமாக அச்சாகும்.

வழூஉச்சொற் புணர்த்தலுக்கு உரை வேண்டாம். கணினியைத் தமிழ் இடைமுகத்தில் ஒருநாள் ஓட்டிப் பார்த்தவர் அறிவர்.

எஞ்சியவற்றில் பெரியது மாறுகொளக் கூறல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது, உடனே 11-க்கு மாறுங்கள் என்கிறது திரை. மாறுகிறேன் என்றால், உங்கள் கணினி தகுதியற்றது என்கிறது அதே திரை. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ராம், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசசர், எல்லாம் வேண்டுமாம். 2023-ல் மகளிர் உரிமைத் தொகை மறுக்கப்பட்டவர்கள்கூட இ-சேவை மையத்தில் மேல்முறையீடு செய்ய முடிந்தது. இங்கே அதுவும் இல்லை. இந்தக் குற்றம் பிடுங்கினாலும் தீராது, காத்திருந்தாலும் தீராது.

ஆகவே தீர்ப்பு: இந்த லேப்டாப்புக்கு இனி விண்டோஸ் அப்கிரேடு இல்லை. ஆனால் ஆயுள் இருக்கிறது. அரசு கொடுத்தபோதே விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்துத்தான் கொடுத்தது. நம் கடைக்காரர் அதைத் திறந்ததில்லை. பேஜ்மேக்கருக்கு வேறு கணினி ஒன்று வைத்துக்கொண்டு, விண்ணப்பம் போடவும் ஜெராக்ஸ் கணக்கு எழுதவும் இதில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் போதும். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. 2023 ஜனவரியில் டெபியன் குறுமாநாடே அந்த ஊரில் நடந்தது. பழைய லேப்டாப்பைக் காயலான் கடையில் எடைக்குப் போடுமுன் அவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள். கிளம்புமுன் கல்யாண ஆல்பத்தை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிடுங்கள்.